அன்றன்றுள்ள நம்பிக்கை: பாடு நீளும்போது நான் கற்றுக்கொண்ட வழிகள்

என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. முதல் சில வாரங்கள் எனக்கு விசுவாசத்துக்குக் குறைவில்லை. சபையில் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள், போன் ஓயாமல் அடித்தது, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நானே தைரியம் சொல்லி அனுப்பினேன். நான் ஆடிப்போனது ஆறாவது மாதத்தில்தான். அதற்குள் போன் அடிப்பது குறைந்துவிட்டது, வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அவர் மட்டும் அதே கட்டிலில், அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறக்கக் கை வரவில்லை.

அந்த ஆறாவது மாதத்தில் யாராவது என் பக்கத்தில் உட்கார்ந்து, 'இதைச் செய், அப்புறம் இதைச் செய்' என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பாடு வேறாக இருக்கலாம். தீராத கடனோ, வேலையில்லாத மாதங்களோ, பேச்சு நின்றுபோன பிள்ளையோ, முடிவு தெரியாத சிகிச்சையோ, எதுவானாலும் அது சீக்கிரம் முடிகிறதாகத் தெரியவில்லை என்றால் இது உங்களுக்காகத்தான்.

முதலில் இரண்டு சொற்கள்

நம் அன்றாடப் பேச்சில் நம்பிக்கை என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒருவரை நம்புவதும் நம்பிக்கை, நாளைக்கு நல்லது வரும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. தமிழ் வேதாகமம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. முதலாவது விசுவாசம், இரண்டாவது நம்பிக்கை. 1 கொரிந்தியர் 13-ன் கடைசி வசனத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றும் தனித்தனியாக வரும். நான் அதை எத்தனையோ முறை வாசித்தும் கவனித்ததில்லை. அவர் எழுந்து நடப்பார் என்ற எதிர்பார்ப்பு தேயத் தேய, என் விசுவாசமே தேய்கிறது என்று நினைத்துக் கலங்கினேன். உண்மையில் தேய்ந்தது அடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் மேல் நான் கட்டி வைத்திருந்த எதிர்பார்ப்பு. தேவன் நல்லவர் என்பதை நான் விடவே இல்லை. விட்டிருந்தால் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

இன்னொரு சொல், பொறுமை. ரோமர் 5-ல் பவுல் ஒரு வரிசை சொல்கிறார்: உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும். நம்பிக்கை அதில் கடைசியில் நிற்கிறது. நம்பிக்கை வந்தால் பொறுமையாக இருந்துவிடலாம் என்று நான் தலைகீழாகக் காத்துக்கொண்டிருந்தேன். பொறுமை என்று நாம் வாசிக்கிற அந்த இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் ஹுப்பொமொனே. 'கீழே', 'தங்கியிருத்தல்' என்ற இரண்டும் சேர்ந்தது அது. பாரத்துக்கு அடியிலிருந்து ஓடாமல் இருப்பது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குப் பெரிய விடுதலை. மனசு எந்த நிலையில் இருந்தாலும் சரி, அன்றைய மாத்திரைகளைக் கொடுத்து, அன்றைய துணிகளை மாற்றி, விளக்கை அணைத்துப் படுத்தேன் என்றால் அந்த நாள் பொறுமையின் கணக்கில்தான் சேரும். சந்தோஷமாகச் செய்தேனா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

உடம்பைக் கவனியுங்கள், அதுவும் ஆவிக்குரிய காரியம்தான்

1 இராஜாக்கள் 19-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்கிறான். அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் வானத்திலிருந்து அக்கினி இறங்கினதைக் கண்ணால் பார்த்தவன். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். மறுபடியும் தூங்க விட்டார். இரண்டாம் தரம் எழுப்பியபோது தூதன் சொன்ன காரணம், நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்பது. ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசிய மெல்லிய சத்தம் எல்லாம் அதற்கு 40 நாள் கழித்துத்தான்.

ஆகையால் உங்கள் விசுவாசத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வருவதற்கு முன், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா என்று பாருங்கள். நான் மூன்று மாதம் ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் தூங்கியதில்லை. அந்தக் கண்ணோடு பார்த்தால் எல்லாமே முடிந்துபோனதாகத்தான் தெரியும். வாரத்தில் ஒரு இரவாவது வேறொருவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். அந்த நேரத்தில் எழுந்து ஜெபிக்க வேண்டும் என்று குற்ற உணர்வு வந்தால் எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை நிற்கவில்லை, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வந்து வந்து போகிறது என்றால், அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. நான் எட்டு மாதம் மருந்து எடுத்துக்கொண்டேன். தூதன் கொண்டுவந்த அடையைப் போலவே அதையும் நன்றியோடு வாங்கிக்கொண்டேன்.

நாளைச் சிறிதாக வெட்டிக்கொள்ளுங்கள்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆகாரமாக வானத்திலிருந்து வந்த மன்னா ஒரு நாளைக்கு உரியதுதான் விழுந்தது. மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறிற்று என்று யாத்திராகமம் 16 சொல்கிறது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாய்க் கிடைத்தது. சிறுபிள்ளையில் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை. நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த வருடம் இவரை எப்படித் தூக்குவேன், என் இடுப்பு தாங்குமா, நான் முந்திக்கொண்டால் இவரை யார் பார்ப்பார்கள் என்று நான் இரவெல்லாம் நாளைய மன்னாவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையில் நாற்றம்தான் மிஞ்சியது.

நான் செய்தது இது. காலையில் ஒரு சின்னத் துண்டுத்தாள் எடுத்து, இன்றைக்குக் கட்டாயம் நடக்க வேண்டியது என்று அதிகபட்சம் மூன்று எழுதுவேன். 'பிசியோதெரபிஸ்ட் சொன்ன கைப்பயிற்சி. மாத்திரை டப்பாவை நிரப்புவது. அண்ணிக்குப் போன்.' அவ்வளவுதான். நாளைய பயம் ஏதாவது தலைக்குள் வந்தால் தாளின் பின்பக்கத்தில் அதையும் எழுதி, பக்கத்தில் ஒரு தேதி போடுவேன், அதை எப்போது யோசிக்கப்போகிறேன் என்று. வியாழன் சாயங்காலம் நாத்தனார் வந்து அவர் பக்கத்தில் உட்காரும் அரை மணி நேரம்தான் என் யோசிக்கும் நேரம். யோசிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம், சிகிச்சை, பிள்ளைகளின் படிப்பு இவற்றைத் திட்டமிடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு நேரத்தை ஒதுக்குங்கள், நள்ளிரவுக்கு அந்த உரிமையைக் கொடுக்காதீர்கள். அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்று ஆண்டவர் சொன்னதில், அந்த நாளுக்குப் பாடு உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். அது எனக்கு ஆறுதல்.

ஜெபத்தை வேலையோடு கட்டிவிடுங்கள்

காலையில் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பது என் பழைய வழக்கம். அது போயிற்று. முதலில் அதற்காக அழுதேன். அப்புறம் என் நாள் எந்தத் தடத்தில் ஓடுகிறதோ அந்தத் தடத்திலேயே ஜெபத்தையும் போட்டேன்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தார். முழங்காலை மடக்கி, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்து, நம் பக்கமாக உருட்டி, முதுகுக்குத் தலையணை. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்திருந்தேன். அலாரம் அடிக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலோடுதான் எழுவேன். அந்த அலாரத்தையே ஜெப மணியாக மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு புரட்டலுக்கும் ஒரு ஜெபம். பத்து மணிக்கு நன்றி, பன்னிரண்டுக்குப் பிள்ளைகள், நான்குக்கு அன்றைய நாள். இரண்டு மணிக்கு எதுவும் சொந்தமாக வராது, அதனால் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்வேன். சொந்த வார்த்தை இல்லாத நேரத்தில் மனப்பாட வார்த்தை எவ்வளவு பெரிய தயவு என்பது அப்போதுதான் தெரிந்தது. மனப்பாட ஜெபம் உயிரில்லாதது என்று முன்பு நானே பேசியிருக்கிறேன். இப்போது பேசமாட்டேன்.

ஒரு இரவு, ஒன்பதாவது மாதம் இருக்கும். இரண்டு மணி. அவரை என் பக்கம் உருட்டி, ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் தலையணையைத் தேடிக்கொண்டிருந்தேன். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை' என்ற இடத்தில் தலையணை கீழே விழுந்துவிட்டது. குனிய முடியவில்லை, விட்டால் அவர் சாய்ந்துவிடுவார். அப்படியே நின்றேன், மேலே சொல்லவும் மறந்துபோயிற்று. என் தோளுக்குப் பக்கத்திலிருந்து, 'இன்று' என்று ஒரு குரல் கேட்டது. குழறலாகத்தான் வந்தது, ஆனால் அவருடைய குரல். ஒன்பது மாதமாக ஆமாம், இல்லை என்றுகூடச் சொல்ல முடியாதவர். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, 'சொல்லுங்க' என்றேன். எதுவும் வரவில்லை. நான் மறுபடியும் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை' என்று எடுத்துக்கொடுத்தேன். 'இன்று எங்களுக்குத் தாரும்' என்று முழுசாக வந்தது. என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டுக்கொண்டு நான் அழுதேன். அவருக்கும் கண்ணில் தண்ணீர்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் மறுநாள் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. மூளையின் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சு போனவர்களில் பலருக்கு, புதிதாக ஒரு வாக்கியம் அமைக்க முடியாவிட்டாலும், வெகுகாலம் சொல்லிப் பழகின ஜெபம், பாட்டு, எண்ணிக்கை இவை தங்கியிருக்கும் என்று விளக்கினார். அதைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாக இல்லை. அறுபது வருடமாக அவருக்குள் போட்டு வைத்திருந்த வார்த்தைகளைக் கர்த்தர் பத்திரமாகக் காத்துவைத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அவருக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் கையால்தான் காட்ட வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் சொல்கிறோம்.

உங்கள் நாளில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பேருந்துக்குக் காத்திருப்பதோ, பாத்திரம் கழுவுவதோ, ஆபீஸ் படிக்கட்டு ஏறுவதோ எதுவாகவும் இருக்கலாம். அதில் ஒன்றுக்கு ஒரே ஒரு ஜெபத்தைக் கட்டுங்கள், ஒரு மூச்சில் முடிகிற அளவு. ஒரு மாதம் அதை மாற்றாமல் வையுங்கள். மாற்கு 9-ல் தன் பிள்ளையின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் அழுதுகொண்டு சொன்னது எனக்குப் பிடித்த ஒன்று: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. அதற்கே பதில் கிடைத்தது.

முறையிடத் தயங்காதீர்கள்

நம்மில் பலர் துதிக்க மட்டும் பழகியிருக்கிறோம். கஷ்டத்தில் வாய் அடைத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். சங்கீதங்களில் கணிசமான பகுதி புலம்பல். 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் மட்டும் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை வருகிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் கடுமை. என் இரட்சிப்பின் தேவனே என்று கூப்பிட்டு ஆரம்பிப்பதோடு சரி, அப்புறம் முடியும்வரை விடியவே விடியாது. பழகினவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடும். அதையும் பரிசுத்த வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சிலுவையில் ஆண்டவர் வாயில் வந்ததும் ஒரு புலம்பல் சங்கீதம்தான், 22-ஆவது.

முறையிடும் விதம் என்று ஒன்று இருக்கிறது. 13-ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்து நான் என் நோட்டில் எழுதிய முறை இது. முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன்: கர்த்தாவே. இது முக்கியம். அவரைப் பற்றி மற்றவரிடம் முறுமுறுப்பதற்கும் அவரிடமே சண்டை போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. அடுத்து, என்ன நடந்தது என்று பூசி மெழுகாமல் எழுதுவேன். 'இன்று மூன்று முறை படுக்கை நனைந்தது. மூன்றாவது முறை நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.' அடுத்து, என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேட்பேன். கடைசியில், எனக்குத் தெரிந்த ஒரு பழைய நன்மையை எழுதுவேன், அன்றைக்கு அது என் மனதைத் தொடாவிட்டாலும். சில நாள் அந்தக் கடைசி வரி வராது. வராவிட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதக்காரனும் அப்படித்தான் விட்டிருக்கிறான். எழுதும் தெம்பும் இல்லாத நாட்களுக்கு ரோமர் 8:26 இருக்கிறது. பெருமூச்சும் அங்கே ஜெபமாகக் கணக்கிடப்படுகிறது.

நினைவைத் திரட்டி வையுங்கள்

புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து காலைதோறும் புதியவைகள் என்ற வசனத்தை நாம் காலண்டரில் பார்த்திருப்போம். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் அதிர்ந்துபோவீர்கள். கி.மு. 586-ல் எருசலேம் எரிந்து விழுந்த பின் வந்த புலம்பல் அது. கர்த்தர் பருக்கைக் கற்களால் என் பற்களை நொறுக்கினார் என்கிறான் அதில் புலம்புகிறவன். 18-ஆம் வசனத்தில், என் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று முடித்துவிடுகிறான். 21-ஆம் வசனத்தில் மறுபடியும் நம்பிக்கை என்ற சொல் வருகிறது. இடையில் இரண்டு வசனம்தான். நிலைமை எதுவும் மாறவில்லை, எதிரி போகவில்லை, நகரம் எழும்பவில்லை. அவன் ஒன்றை மனதிலே கொண்டுவந்து வைத்தான், அவ்வளவுதான். அப்புறமும் அதே அதிகாரத்தில் திரும்ப அழுகிறான். அதனால் நம்பிக்கை வந்த பிறகும் அழுகை வந்தால் பின்வாங்கிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

மனதிலே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றால் முதலில் எங்காவது வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி, தேதியோடு. 'ஆண்டவர் நல்லவர்' என்று பொதுவாக எழுதாதீர்கள், சோர்ந்த நாளில் அது கைகொடுக்காது. நான் எழுதியவை இப்படி இருக்கும்: 'இன்று இடது கையால் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.' 'மருந்துக் கடைக்காரர் மழையில் தானே கொண்டுவந்து கொடுத்தார்.' 'முதுகில் இருந்த சிவப்பு மறைந்துவிட்டது, புண்ணாகவில்லை.' இரண்டாவது வருடம் அவருக்கு நுரையீரலில் சளி கட்டி மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து அந்த நோட்டைத்தான் வாசித்தேன். வேதத்தைவிட அதை அதிகம் வாசித்தேன் என்றுகூடச் சொல்வேன், சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

வேத வாசிப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஒரு வருடத்தில் முழு வேதத்தையும் முடிக்கிற அட்டவணையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு சங்கீதத்தை எடுத்து ஒரு வாரம் முழுக்க அதையே வாசியுங்கள்.

கையைத் தாங்க ஆள் தேடுங்கள்

யாத்திராகமம் 17-ல் வரும் போரில் மோசே கையை ஏறெடுத்திருக்கும்வரை இஸ்ரவேல் மேற்கொண்டது, கை தாழ்ந்தால் எதிரி மேற்கொண்டான். மோசேக்குக் கை அசந்துபோயிற்று. ஆரோனும், ஊர் என்ற பேருள்ளவனும் முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்கார வைத்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கினார்கள், சூரியன் அஸ்தமிக்கும்வரை. அந்தக் கல்லை நான் விடமாட்டேன். 'ஜெபிக்கிறோம்' என்று சொல்லிப் போகிறவர்கள் நிறையப் பேர், உட்காரக் கல் கொண்டுவருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பல சமயம் அவர்களுக்கு என்ன கொண்டுவருவது என்று தெரியாததே காரணம்.

அதனால் கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். 'ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்டவர்களிடம் நான் முதலில் 'ஒன்றும் வேண்டாம், ஜெபியுங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது தாழ்மை என்று நினைத்தேன், அதில் பெருமையும் கலந்திருந்தது. பிறகு மாற்றினேன். 'செவ்வாய்க்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவர் பக்கத்தில் உட்கார முடியுமா?' 'இந்தப் பில்லைக் கட்டிவிட்டு வர முடியுமா?' இப்படிக் கேட்டபோது மறுத்தவர்கள் மிகக் குறைவு. இரண்டு பேரை மட்டும் நிலையாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆரோனுக்கும் ஊருக்கும் ஒருவராக. அவர்களிடம் 'நல்லாயிருக்கேன்' என்று பொய் சொல்வதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொள்ளுங்கள்.

காயப்படுத்துகிற வார்த்தைகளும் வரும். வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, அதனால்தான் இன்னும் எழும்பவில்லை என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். பல வாரம் என் மனசாட்சியைத் தோண்டிக்கொண்டிருந்தேன். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இராப்பகலாக வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்தார்கள், அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உன் பாவம்தான் காரணம் என்று பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்த நண்பர்கள்மேல்தான் கோபப்படுகிறார்.

தாங்க முடியாத அளவுக்குத் தேவன் கொடுக்கமாட்டார் என்பதும் அடிக்கடி கேட்கிற ஆறுதல். 1 கொரிந்தியர் 10:13-ஐ வைத்துச் சொல்கிறார்கள். தமிழில் சோதனை என்றால் கஷ்டம் என்றும் அர்த்தம், பாவத்துக்கு இழுக்கிற தூண்டுதல் என்றும் அர்த்தம். அந்தப் பகுதியில் பவுல் பேசுவது விக்கிரகம், இச்சை, முறுமுறுப்பு ஆகியவற்றுக்கு இழுக்கிற சோதனையைப் பற்றி. கஷ்டத்தைப் பற்றி அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8-ல் சொல்வது வேறு. தங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். ஆக, உங்களால் தாங்க முடியவில்லை என்றால் உங்களிடம் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. அப்போஸ்தலனாலும் முடியவில்லை.

இருட்டில் முடிவெடுக்காதீர்கள், ஆனால் நட்டு வையுங்கள்

1521-இல் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், பின்னாளில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார். மனம் சோர்ந்து தேவன் தூரமாகத் தோன்றும் காலத்தில் முன்பு எடுத்த நல்ல தீர்மானங்களை மாற்றக்கூடாது என்று அவர் பின்னால் ஒரு விதி எழுதி வைத்தார். நான் வேறு சபைப் பிரிவைச் சேர்ந்தவள், ஆனாலும் இந்த விதி என்னைக் காப்பாற்றியது. ஆராதனைக்கே இனிப் போவதில்லை என்று ஒரு ராத்திரி முடிவு செய்தேன். 'சரி, காலையில் தூங்கி எழுந்த பிறகும் இப்படித் தோன்றினால் பார்க்கலாம்' என்று தள்ளி வைத்தேன். இப்படித் தள்ளிய முடிவுகள் ஏழெட்டு இருக்கும்.

எரேமியா 29:11-ஐ எல்லாரும் அறிவோம், சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதை முதலில் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதின் கனியைச் சாப்பிடுங்கள். எல்லாம் சரியான பிறகு வாழ்ந்துகொள்ளலாம் என்று நான் இரண்டு வருடம் எங்கள் வாழ்க்கையைப் பூட்டி வைத்திருந்தேன். இந்தக் கடிதம் பூட்டைத் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே அவர் பார்வை படும் இடத்தில் செடிகள் வைத்தேன். நின்றுபோயிருந்த தையலை மறுபடி எடுத்தேன். அவரை இடது கையால் எழுதப் பழக்கினேன். பாடு முடிவதற்குக் காத்திராமல் செய்யக்கூடிய ஒரு காரியத்தை, பலன் தர ஒரு வருடமாவது ஆகிற ஒன்றை, இந்த மாதமே தொடங்குங்கள்.

பவுல் தன் சரீரத்தின் முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. கெத்செமனேயில் ஆண்டவரும் மூன்று தரம் வேண்டினார், பாத்திரம் நீங்கவில்லை. நான் எத்தனை தரம் என்று எண்ணவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவருடைய வலது கை இன்னும் அசையவில்லை. சுகம் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள், கிடைத்தாக வேண்டும் என்றும் கட்டாயப்படுத்த விடாதீர்கள்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்று இரவு ஒரு நோட்டில் தேதியைப் போட்டு ஒரு வரி எழுதுங்கள். நாளை காலை உங்கள் ஆரோனுக்குப் போன் செய்யுங்கள். மற்றவை அடுத்த வாரம். எனக்கு இப்போது பத்து மணி அலாரம் அடிக்கப்போகிறது. இந்த வருடம் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து அவரும் பாதி தூரம் தானே திரும்புகிறார்.